பஞ்சவர்ணத்தின் மண்மேடு

எழுதிக்கோ தாயி. முதல் வரியிலயே எழுதிக்கோ. அந்தா, வரப்புக்கு அங்கிட்டு மிளகாய்ச் செடி கருகருன்னு நிக்குது பாரு, அந்த வயல்ல கெடக்கிறது என் மண்ணு. எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன். கம்பெனி ஆபீஸ் வாசல்ல நின்னும் சொல்லுவேன்.

உள்ள வா. அந்தச் சாக்கு மூட்டை மேல உக்காராதே, அது என்னுது இல்லை. நாற்காலி இருக்கு, இதுல உக்காரு. மெட்ராஸுலேருந்தா வார? மோர் குடி. கூச்சப்படாதே. எங்க மண்ணுக்குத்தான் கேடு வந்துச்சு, எங்க மோருக்கு இன்னும் வரலை.

கையில என்னன்னா கேக்குற? ஒண்ணுமில்லை, முள்ளு குத்தினது. துணி சுத்தியிருக்கேன், ரெண்டு நாள்ல ஆறிரும். அதை எழுதாதே. மண்ணை எழுது.

என் பேரு இருளாயி. எங்க வீட்டுக்காரரு பேரு சேவுகன், ஆட்டைப் பத்திக்கிட்டுப் போயிருக்காக. அந்த மிளகாய் வயலுக்காரி பேரு பஞ்சவர்ணம். வேத்தாளு இல்லை. என் கொழுந்தன் அடைக்கலத்தோட பொண்டாட்டி. கொழுந்தன் சிங்கப்பூருல லாரி ஓட்டுறான், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வருவான். இவ ஒத்தையிலதான் வயலைப் பாக்குறா. என்னை அக்கா அக்கான்னுதான் கூப்பிடுவா. வாய் நிறையக் கூப்பிடுவா. அதுல ஒண்ணும் குறை சொல்ல முடியாது. அவகிட்ட எதுலயும் குறை சொல்ல முடியாது, அதுதான் அவகிட்ட இருக்கிற குறை.

பொறாமையில சொல்றேன்னு நினைக்காதே. எனக்குப் பொறாமை கிடையாது. ஊருல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு.

நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். இங்க வெட்டுற பென்சில் கல்லை, அதான் கிராபைட்டு, கரண்டு வண்டிக்குப் பேட்டரி செய்யிற வெளிநாட்டுக்காரன் வாங்குறான். அவன் சும்மா வாங்க மாட்டானாம். தோண்டின குழியை மூடினியா, தூசி பறக்காம தண்ணி தெளிச்சியா, சனங்க மண்ணை சனங்களுக்கே திருப்பிக் குடுத்தியான்னு கேப்பானாம். அதை நேருல பாத்துச் சொல்ல உன்னை அனுப்பியிருக்கான். சரிதானே? பொறுப்பாத் தோண்டுறதுன்னு பேரு அதுக்கு. மேனேஜர் கூட்டத்துக்குக் கூட்டம் அதைத்தான் சொல்லுவாரு. நானும் பொறுப்பாத்தான் சொல்றேன், என் மண்ணு என்கிட்ட வரலை.

எப்படித் தெரியும்னா? ஏந்தாயி, பெத்த பிள்ளையைத் தெரியாதா? சரி, சொல்றேன். முதல்லேருந்து சொன்னாத்தான் உனக்கு விளங்கும்.

மாமனாரு செத்து நிலத்தைப் பாகம் பிரிச்சப்போ கிழக்க எங்களுக்கு, மேக்க அவுகளுக்கு. ரெண்டும் ஒரே தரை. செம்மண்ணு, சரளைக்கல்லு. கலப்பையை வச்சா கடகடன்னு சத்தம் கேக்கும். பாகத்துல ஓரவஞ்சனை எதுவும் இல்லை, அதை நான் ஒத்துக்கிறேன். இவ என்ன செஞ்சா தெரியுமா? வருசா வருசம் கோடையில கண்மாய் வத்தினதும் கரம்பை அள்ளுவா. கரம்பைன்னா கண்மாய்க்கு அடியில படிஞ்சு கெடக்குமே, வண்டல், அது. எல்லாரும் வண்டி கட்டி ஒரு நடை ரெண்டு நடை அடிப்பாக. இவ வண்டி இல்லாம தலையில சுமந்தா. ஒரு வருசம் இல்லை ரெண்டு வருசம் இல்லை, பதினோரு வருசம். வெள்ளி முளைக்கிற நேரத்துல போயி வெயில் ஏற வருவா, முகமெல்லாம் சேறா இருக்கும். நாங்கள்ளாம் சிரிப்போம். நான்தான் கொஞ்சம் கூடச் சிரிப்பேன்.

பதினோரு வருசத்துல அவ தரை மாறிப்போச்சு. கல்லை எல்லாம் பொறுக்கிட்டா. கையில அள்ளினா மெத்துன்னு இருக்கும். நத்தை ஓடு வெள்ளை வெள்ளையா ஊடால கெடக்கும், கண்மாயிலேருந்து வந்ததுல்ல. அதுல மிளகாய் போட்டா பாரு. காளையார்கோவில் சந்தையில அவ மூட்டையை இறக்குமுன்னே ஆளு நிக்கும்.

அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் குழம்பு வச்சேன். எங்க வீட்டுக்காரரு ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "இன்னிக்குக் குழம்பு நல்லாருக்கே"ன்னாக. கல்யாணம் கட்டி இருபத்தாறு வருசத்துல அந்த மனுசன் வாயிலேருந்து அப்படி ஒரு சொல்லு வந்ததில்லை. எனக்குச் சந்தோசம் தாங்கலை. மறுசோறு போட்டேன். அப்புறம் சொல்றாக, "பஞ்சவர்ணம் மிளகாய் குடுத்துச்சா?" குடுத்திருந்தா. காலையில ஒரு படி கொண்டாந்து வச்சுட்டுப் போயிருந்தா. அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடலை.

பொறாமை இல்லை தாயி. வயித்தெரிச்சல்னு சொல்லு, அது வேற. மிளகாய்ல வாரது.

அப்பத்தான் கம்பெனி வந்துச்சு. பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டாக. எங்க பக்கம் பதினோரு பேரு நிலத்துக்கு அடியில பென்சில் கல்லு ஓடுதாம். குத்தகைக்குக் குடுங்க, தோண்டி எடுத்துட்டு, குழியை மூடி, வயலாவே திருப்பித் தாரோம்னாரு மேனேஜர். நல்ல மனுசன், மரியாதையாப் பேசுவாரு. மேல இருக்கிற ஒன்றரை அடி மண்ணுதான் உயிருள்ள மண்ணு, அதைத் தனியா வழிச்சு மேடா குமிச்சு வைப்போம், கடைசியில மேல பரப்பித் தந்துருவோம்னு படம் போட்டுக் காட்டினாரு.

எல்லாரும் தலையை ஆட்டிக்கிட்டு இருக்கோம். இவ எந்திரிச்சா. பொம்பளைக பக்கத்துலேருந்து அதுவரைக்கும் யாரும் எந்திரிச்சதில்லை. "ஐயா, எல்லாரு மண்ணையும் ஒண்ணாக் குமிச்சு அள்ளித் தருவீகளா, இல்லை அவுகவுக மண்ணை அவுகவுகளுக்கே தருவீகளா?"ன்னு கேட்டா. "அப்படிப் பிரிச்சு வச்சு எங்களுக்குப் பழக்கம் இல்லையேம்மா"ன்னாரு மேனேஜர். "பழகிக்கங்க"ன்னா இவ. மேனேஜர் வெளிய போயி யாருக்கோ போன் போட்டுப் பேசிட்டு வந்து, "சரி, ஒவ்வொருத்தர் மண்ணும் தனித்தனி மேடு, பேர்ப்பலகை நட்டு வைப்போம், பத்திரத்துலயே எழுதிருவோம்"னாரு. ஆம்பளைக கை தட்டினாக. எங்க வீட்டுக்காரரும் தட்டினாக. நான் பாத்தேன்.

அதையேதான் நானும் கேக்கணும்னு இருந்தேன். சத்தியமா. வாய் வரைக்கும் வந்துச்சு. அவ முந்திக்கிட்டா.

அப்புறம் வழிச்சாக. பெரிய மிசினு, தோசையைத் திருப்புற மாதிரி மண்ணை மட்டும் சீவி எடுத்துச்சு. ஊருக்குத் தெக்க மந்தைவெளியில பதினோரு மேடு. ஒவ்வொண்ணும் ஆளு ஒசரம். இரும்புக் குழாயில தகரப் பலகை, பலகையில பேரு. கடைசி ரெண்டு மேடும் எங்க ரெண்டு பேருது. பக்கத்துப் பக்கத்துல. ஆபீஸ் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டும் செவப்புதான். நமக்குத்தான் தெரியும், எது சரளை, எது சோறுன்னு.

எப்படியோ அந்தப் பலகை ரெண்டும் மாறிப்போச்சு.

காத்துல விழுந்திருக்கும். யாராச்சும் எடுத்து மாத்தி நட்டிருப்பாக. எனக்கு எப்படித் தெரியும்? நீ ஏன் அப்படிப் பாக்குற?

பேனாவை மூடு. மூடிட்டியா? நோட்டையும் மூடு.

நான்தான் மாத்தினேன்.

செவ்வாக்கிழமை. அவ சந்தைக்குப் போயிருந்தா. வாச்மேன் சோத்துக்கு வீட்டுக்குப் போயிருந்தான். மறுநா சர்வேயர் வந்து எந்த மேடு யாருதுன்னு படம் வரையப் போறாருன்னு பேச்சு. வரைஞ்சுட்டா மாத்த முடியாது. உச்சி வெயிலு. ஈ காக்கா இல்லை. குழாயைப் புடிச்சு ஆட்டி ஆட்டிப் புடுங்கினேன். உள்ளங்கை தோலு உரிஞ்சுபோச்சு. அவ பேரை என் மேட்டுல நட்டேன், என் பேரை அவ மேட்டுல நட்டேன். கல்லை வச்சுத் தட்டி இறுக்கினேன். வீட்டுக்கு வந்து, பானை சுட்டுருச்சுன்னேன். அவுக வெண்ணெய் தடவிவிட்டாக.

திருட்டுன்னா சொல்ற? ஏந்தாயி, ஒரே குடும்பத்து நிலம். ஒரே கண்மாய்க் கரம்பை. கண்மாய் ஊருக்குப் பொது. பொதுவுலேருந்து அவ பதினோரு வருசம் அள்ளுனா, நான் ஒரு நாள்ல அள்ளுனேன். அம்புட்டுத்தான். மூத்தவளுக்கு நல்லது போகணும்ங்கிறது ஊரு வழக்கம்.

மறுநாக் காலையில அவ வந்தா. நான் வேலி ஓரத்துல ஆட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவ பேரு போட்ட மேட்டுகிட்ட போயி உக்காந்தா. ஒரு கைப்பிடி அள்ளுனா. அமுக்கிப் பாத்தா. உள்ளங்கையில பரப்பி ஒரு கல்லை எடுத்து வச்சு, ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் தலையைத் தூக்கி அடுத்த மேட்டைப் பாத்தா. நான் ஆட்டுக்குப் பின்னால குனிஞ்சுக்கிட்டேன். சீலையில கையைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. சர்வேயர் வந்தாரு, படம் வரைஞ்சாரு, ரெண்டு பேரையும் கையெழுத்துப் போடச் சொன்னாரு. போட்டோம்.

அவளுக்குத் தெரியலைன்னு நினைச்சேன். பதினோரு வருசம் சுமந்த மண்ணை அடையாளம் தெரியலை பாரு இவளுக்குன்னு வீட்டுல வந்து தனியாச் சிரிச்சேன்.

அப்புறம் அவ ஆரம்பிச்சா. மண்ணை மேடா சும்மா போட்டு வச்சா செத்துப்போயிரும், ஏதாவது வெதைச்சு வைங்கன்னு கம்பெனியில எல்லாருக்கும் தழை உரத்துக்குச் சணப்பை விதை குடுத்தாக. என் பங்கைப் பரண்ல போட்டேன், எலி தின்னுருச்சு. எனக்கு எதுக்கு? என்கிட்ட இருக்கிறதுதான் நல்ல மண்ணாச்சே, அதுக்கு எதுக்கு மருந்து? இவ வெதைச்சா. பூ எடுத்ததும் அறுத்து மண்ணுக்குள்ளயே மடக்கிப் போட்டா. மறுபடி வெதைச்சா. மழை வந்தா மண்ணு கரையக் கூடாதுன்னு மேட்டைச் சுத்தி வெட்டிவேரு நட்டா. குடம் குடமாத் தண்ணி சுமந்தா. எம் மண்ணுக்கு! நான் வேலி ஓரத்துல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு பாப்பேன். சம்பளம் இல்லாத வேலைக்காரி கெடைச்சா எனக்கு. அந்த நாலு வருசமும் நான் நல்லாத் தூங்கினேன்.

சாயங்காலமானா மேட்டுல உக்காந்து ஒரு கூடை கல்லுப் பொறுக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவா. அதை நான் பாத்தேன். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஏன்னு யோசிக்கலை பாரு.

என் மேட்டுல ஆடு ஏறும். ஏறினா என்ன? மேட்டுல ஏறி நின்னு பாக்குறது ஆட்டுக்குப் புடிக்கும். சீமைக்கருவேலங் காயைத் தின்னுட்டு வந்து அங்கதான் படுத்துக் கெடக்கும், புழுக்கை போடும். உரந்தானேன்னு விட்டுட்டேன்.

இதுக்கு ஊடால ஒரு கூத்து. கம்பெனியில காலண்டர் அடிச்சாக. நம்ம இவ, சணப்பைப் பூவுக்கு நடுவுல, மேட்டுக்கு மேல நிக்கிறா. பின்னால பேர்ப்பலகை. கீழ என்னமோ இங்கிலீஷுல. டீக்கடையில அவ, ரேஷன் கடையில அவ, பஞ்சாயத்து ஆபீஸுல அவ. உன் போன்லயும் அந்தப் படம் இருக்கும், எடுத்துப் பாரு. இருக்குல்ல? அவ நிக்கிறது என் மண்ணு மேல தாயி! வாயைத் திறந்து சொல்ல முடியுதா? எங்க வீட்டுக்காரரு ஒண்ணை வாங்கியாந்து இந்தா இந்தச் செவுத்துல மாட்டினாக. "நம்ம பஞ்சவர்ணம் பாரு"ன்னாக. நம்ம பஞ்சவர்ணமாம். ஒரு வருசம் பூராவும் நான் தேதி பாக்கலை.

போன வருசம் ஆடியில குழியை மூடி மண்ணைத் திருப்பிக் குடுத்தாக. நேர்மையாத்தான் குடுத்தாக, அதைச் சொல்லணும். படத்துல என்ன இருந்துச்சோ அதுப்படி ஒரு கூடை குறையாம பரப்பினாக. அவுக போனதும் நான் வயல் நடுவுல போயி நின்னேன். நாலு வருசம் காத்துக்கிட்டு இருந்தேன்ல. குனிஞ்சு ஒரு கைப்பிடி அள்ளினேன்.

வெளுத்துப் போயிருந்துச்சு. புட்டு மாவு மாதிரி உதிருது. மழைக்கு மழை மெத்துன்னு இருந்த மண்ணெல்லாம் கரைஞ்சு மந்தைவெளியில ஓடிப்போச்சு. நத்தை ஓடு மட்டும் மிச்சம். வெள்ளை வெள்ளையா. அதைப் பாக்கப் பாக்க எனக்கு ஆத்திரம் வந்துச்சு. அப்புறம் முத மழை பெஞ்சு எட்டாம் நாளு மொளைச்சுச்சு. மிளகாய் இல்லை. சீமைக்கருவேலு. எள்ளு வெதைச்ச மாதிரி வயல் பூராவும். என் ஆடு வெதைச்ச வெதை. புடுங்கினா வேரு வராது, வெட்டினா மறுபடி தழைக்கும்.

அவ வயலைப் பாத்தியே. பாத்துட்டுத்தானே வந்த? போன தையில அந்த மிளகாயை எடுத்தப்போ காரத்துல ஊரே தும்முச்சு. நான் வரப்புல நின்னேன். என்னால நிக்காம இருக்க முடியலை. தினம் போவேன், நிப்பேன், வருவேன். ஒரு நாள் அவ பழம் பறிச்சுக்கிட்டே வரப்புக்கு வந்தா. நெத்தி வேர்வையை முழங்கையால துடைச்சுக்கிட்டு சாதாரணமாச் சொல்றா, "கல்லுப் பொறுக்கவே மூணு வருசம் ஆச்சுக்கா."

அவ மண்ணுல ஏது தாயி கல்லு? அவ மண்ணுல கல்லே கிடையாது. கல்லு இருந்தது என் மண்ணுல.

அவளுக்குத் தெரியும். முத நாளே தெரியும். கையில கல்லை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாளே, அப்பவே தெரியும். தெரிஞ்சே சர்வேயர்கிட்ட கையெழுத்துப் போட்டிருக்கா. தெரிஞ்சே தண்ணி சுமந்திருக்கா. நான் வேலி ஓரத்துல உக்காந்து சிரிச்சதையும் பாத்திருக்கா. நீ தாண்டி வந்தியே ஒரு கல் வரப்பு, ரெண்டு வயலுக்கும் ஊடால இடுப்பு ஒசரத்துக்கு, அது அம்புட்டும் என் கல்லு. குழியை மூடினப்புறம் சுமந்தாந்து என் கண்ணு முன்னாலயே அடுக்கியிருக்கா.

ஏன் கேக்கலை? வந்து என் முடியைப் புடிச்சு ஆட்டியிருக்கலாம்ல? நாலு பேரு முன்னால வச்சுக் கேட்டிருக்கலாம்ல? நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். ஒண்ணும் கேக்காம விட்டா அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?

அதான் உன்னை உள்ள கூப்பிட்டு இம்புட்டும் சொன்னது. எழுதிக்கோ. அந்த மண்ணு என்னுது. சோதனை வேணும்னாலும் செய்யி. பலகை எப்படி மாறுச்சுங்கிறதை மட்டும் எழுதாதே. காத்துன்னு எழுது.

என்ன? என்ன எடுக்குற பையிலேருந்து?

வழிக்கும்போதே ஒவ்வொருத்தர் மண்ணுலயும் ஒரு டப்பா எடுத்து வச்சிருந்தாகளா? இதுல என் பேரு, இதுல அவ பேரு... போன மாசமே சோதிச்சு, ரெண்டு வயலும் மாறிக் கெடக்குதுன்னு தெரிஞ்சுபோச்சா? அம்புட்டும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இம்புட்டு நேரம் மோரைக் குடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தியா? நல்ல பிள்ளை தாயி நீ. மெட்ராஸ்ல நல்லாத்தான் வளத்திருக்காக.

அவகிட்ட கேட்டாச்சா? எப்ப? காலையில, பஸ் ஏறுமுன்னே. என்ன சொன்னா? இல்லை, நீயே படி. எனக்குக் கண்ணாடி இல்லை.

"நானும் எங்க அக்காவும் பேசித்தான் மண்ணை மாத்திக்கிட்டோம். கம்பெனி மேல குறை இல்லை. அக்கா மேலயும் குறை இல்லை."

இன்னொரு தடவை படி.

கீழ இன்னும் ஏதோ இருக்கே, அது என்ன? "அக்கா வயலுக்குக் கருவேலு புடுங்குற மிசினு ஒண்ணு அனுப்பி வைக்கணும்." அதையும் கேட்டுட்டாளா? நான் கேக்கணும்னு இருந்தேன். இதுலயும் முந்திக்கிட்டா பாரு. நான் செஞ்ச திருட்டைக் கூட எனக்கு முழுசா விடாம பாதியை அவ எடுத்துக்கிட்டா பாரு.

ஆமா தாயி, பொறாமைதான். போ, எழுதிக்கோ. பாகம் பிரிச்ச நாள்லேருந்து பொறாமை. அவ மிளகாய் மேல, அவ நடை மேல, எங்க வீட்டுக்காரரு அவ பேரைச் சொல்றப்ப குரல்ல வர்ற மரியாதை மேல. சோறு தின்னாலும் அதுதான், தூங்கினாலும் அதுதான். இப்ப இதைப் படிச்சியே, இதைக் கேட்டதும் இன்னும் கூடிப்போச்சு. பொய் சொல்லத் தெரியாதவ அவ. எனக்காக ஒரு பொய்யைப் பழகியிருக்கா.

நான் ஒரு சொல்லு சொன்னா மறுபடி மாத்தித் தந்துருவாகளா? உன் கணக்குப்படி அந்த மண்ணு எனக்கு வந்துரும். சணப்பை, வெட்டிவேரு, எல்லாத்தோடயும் வரும். இந்த வெளுத்த மண்ணு கருவேலோட அவளுக்குப் போகும். பத்திரத்துல அப்படித்தான் இருக்கு.

அப்புறம் என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும் தாயி. மறுநாக் காலையில அவ இதுல வந்து உக்காந்துருவா. ஒவ்வொரு கருவேலையா வேரோட புடுங்குவா. கண்மாய் வத்தினதும் கூடையைத் தூக்குவா. அஞ்சு வருசத்துல இதுவும் காய்ச்சுரும். நான் மறுபடியும் வரப்புல போயி நிக்கணும். என்னால இன்னொரு தடவை நிக்க முடியாது.

எழுது. "பேசித்தான் மாத்திக்கிட்டோம்." அவ சொன்ன அதே வார்த்தையைப் போடு, ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது. குறை ஒண்ணும் இல்லைன்னு எழுது. கையெழுத்து எங்க? இங்கயா? அவளுக்குக் கீழயா? முடியாது. மூத்தவ நான். மேல ஓரத்துல கொஞ்சம் எடம் இருக்கு பாரு, அங்க போடுறேன்.

மிசினு வேணாம்னு சொல்லிரு. பாதி வயலை நானே வேரைத் தோண்டிப் புடுங்கிட்டேன். அந்தக் கை முள்ளு அதுதான், வேற என்ன. எட்டு நாளா ஆளு நடமாட்டம் இல்லாத நேரமாப் பாத்துப் போயி புடுங்கிக்கிட்டு இருக்கேன். எங்க வீட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது.

போறதுக்கு முன்னால ஒரு உதவி. அந்தச் சாக்கு மூட்டை சொன்னேன்ல, அதை என் தலையில தூக்கி வச்சுட்டுப் போ. சணப்பை விதை. எட்டு நாளைக்கு முன்னால அவ கொண்டாந்து வாசல்ல வச்சுட்டு, "இருக்கட்டுங்க்கா"ன்னு சொல்லிட்டுப் போனா. அன்னிக்கே தூக்கி எறியணும்னு பாத்தேன், எறிய முடியலை. பிரிக்கவும் முடியலை.

பாத்துத் தூக்கு, கனமா இருக்கும். ம், சரி. நேத்து பெஞ்ச மழையில புடுங்கின பாதி வயல்ல ஈரம் இருக்கு. இன்னிக்குச் செவ்வாக்கிழமை. அவ சந்தைக்குப் போயிருக்கா, நாலு மணி பஸ்ஸுலதான் வருவா. அவ வாரதுக்குள்ள நான் வெதைச்சு முடிச்சிரணும்.